காரணம் எழுத இரண்டு வரி

ஒன்பதாவது கேள்விக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். எட்டு வரைக்கும் மளமளவென்று எழுதிவிட்டேன். பெயர் கனகவேல், தகப்பனார் பெயர் குருசாமி, கடன் வகை கல்விக்கடன், வாங்கிய தொகை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், இன்றைய தேதிக்கு நிற்பது ஏழு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம், அந்தச் சொச்சத்தைக்கூடப் பைசாவோடு எழுதிவிட்டு ஒன்பதுக்கு வந்தால் பேனா நின்றுவிட்டது. கடனைத் திருப்பிச் செலுத்தாததற்கான காரணம். கீழே புள்ளிபுள்ளியாக இரண்டு வரி. காலேஜில்கூட இரண்டு மார்க் கேள்விதான் என்னை உதைக்கும், பதினாறு மார்க் என்றால் எதையாவது எழுதிப் பக்கத்தை நிரப்பிவிடுவேன். ராஜபாளையம் கோர்ட்டில் இன்றைக்கு மக்கள் நீதிமன்றம். இரண்டாவது சனிக்கிழமை, வேறு வழக்கு கிடையாது, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஷெட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாகப் போட்டு, கடன் வாங்கியவர்களை ஒரு பக்கமும் கடன் கொடுத்த வங்கிக்காரர்களை எதிர்ப் பக்கமும் உட்கார வைத்திருக்கிறார்கள், நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர். இரண்டு பேரும் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டால் அதோடு கணக்கு முடிந்தது. ஒத்துக்கொள்ளாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், வட்டியும் கூடவே வரும். எங்கள் டோக்கன் அறுபத்து மூன்று. இப்போது இருபத்திரண்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்றைய கணக்குக்கு ஒரு நாளைக்கு இருநூற்று முப்பது ரூபாய் வட்டி ஓடுகிறது, நான் தூங்கினாலும் ஓடும், சாப்பிட்டாலும் ஓடும், காலை பத்து மணியிலிருந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த வகையில் மட்டும் பன்னிரண்டு ரூபாய் ஆகியிருக்கும். ஒரு டீ விலை. டீயைப் பற்றி நினைக்கக் கூடாது என்றிருந்தேன், நினைத்தாயிற்று.

டீயைப் பற்றி நினைத்தால் அப்பா ஞாபகம் வரும். அப்பா பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் இருக்கிற ஆள் ஞாபகத்துக்கும் வருவது கொஞ்சம் அதிகம்தான். கடனில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. அதனால் நாலு மாதமாக அவருடைய பென்ஷன் கணக்கை வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது. மில்லில் முப்பத்தோரு வருடம் நின்றதற்கு மாதம் இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் வரும், அதை எடுக்கப் போன அன்று கவுண்டரில் இருந்த பெண், உங்க மகன் கடன் முடிஞ்சாத்தான் பெரியவரே எடுக்க முடியும் என்று சொல்லியிருக்கிறாள். அவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு, இனிமே டீ குடிக்கப் போறதில்ல, நெஞ்சு கரிக்குது என்றார். பஜார் டீக்கடையில் தினமும் காலையும் மாலையும் இரண்டு டீ, கூட ஒரு பேப்பர், நாலு பழைய மில் ஆட்கள், அதுதான் அவருக்கு ஊர், உலகம், சினிமா எல்லாம். நாலு மாதமாக நெஞ்சு கரிக்கிறது. வீட்டில் மட்டும் மாரிச்செல்வி டீ போட்டுக் கொடுத்தால் கரிப்பதில்லை. என் பெண்டாட்டிதான் இதைக் கண்டுபிடித்தாள், நான் கண்டுபிடிக்கவில்லை, அவள் சொன்ன பிறகு நூறு ரூபாயை அவர் சட்டைப்பையில் வைத்தேன், மறுநாள் அந்த நூறு ரூபாய் என் டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. இன்றைக்கு முடிந்தால் திங்கட்கிழமை பென்ஷன் கணக்கு திறந்துவிடும். முடியவில்லை என்றால் நெஞ்சு கரித்துக்கொண்டே இருக்கும்.

அப்பாவுக்குக் காது கேட்காது. சுத்தமாகக் கேட்காது என்றில்லை, கத்தினால் கேட்கும். நூல் மில்லில் மிஷின் ஓடுகிற ஹாலில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது என்பார்கள், அங்கே எல்லோரும் வாயசைவை வைத்துத்தான் பேசிக்கொள்வார்களாம், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி மிஷினில் நிற்கிறவனிடம் சத்தமே இல்லாமல் வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுவார்களாம். அவரும் நாலு பழைய மில் ஆட்களும் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால் புதிதாகப் பார்க்கிறவன் பயந்துவிடுவான், ஐந்து வாய் அசையும், சத்தம் வராது, திடீரென்று ஐந்து பேரும் சிரிப்பார்கள். வீட்டில் எங்களுக்கு அந்த வித்தை வரவில்லை. நாங்கள் கத்துவோம். அப்பா சாப்பிட வாங்க என்பதையே தெருவுக்கே பந்தி வைக்கிற மாதிரிக் கத்த வேண்டும். அதனால்தான் அந்த ஒரு வாக்கியத்தை எட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அன்னைக்கே கட்டியிருந்தா முடிஞ்சிருக்கும், நீங்கதானே பொறுன்னு சொன்னீங்க. இவ்வளவுதான். மெதுவாகச் சொல்ல முடிந்த அப்பாவாக இருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பேன், அவரும் ஏதாவது சொல்லியிருப்பார், இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாவது நாள் ஒன்றாகச் சாப்பிட்டிருப்போம். இதை எப்படிக் கத்துவது. எதிர்வீட்டுக்காரர் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்பார். அதனால் அந்த வாக்கியத்தை எனக்கு நானே முணுமுணுக்கிற பழக்கம் வந்துவிட்டது, பைக்கில் போகும்போது, குளிக்கும்போது, கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்யும்போது. போன வாரம்கூடக் கண்ணாடியில் பார்த்தேன், என் பின்னால் அப்பா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தாரா என்று தெரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண், என்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும், நர்சிங் படிப்புக்கு வாங்கியதாம், என் பேப்பரை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒன்பதாவதுக்கு என்னண்ணே எழுதணும்?" என்றாள். எனக்கே தெரியலம்மா என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன் வரிசையிலிருந்த ஒருவர் திரும்பி, விவரம் தெரிந்தவர் போல, "குடும்பச் சூழ்நிலைன்னு போடும்மா. எல்லாரும் அதான் போட்டிருக்கோம்" என்றார். அவள் உடனே குனிந்து எழுதினாள். குடும்பச் சூழ்நிலை. மழை இல்லை, வெயில் அதிகம் என்கிற மாதிரி யார்மேலும் பழி இல்லாத வார்த்தை. எழுதிவிடலாம்தான். ஆனால் நான் ஒரு தடவையாவது உள்ளதை எழுத வேண்டும் என்று காலையில் கிளம்பும்போது நினைத்திருந்தேன், கத்த முடியாததை எழுதலாமே, எழுத்துக்குச் சத்தம் கிடையாதே, அப்பா கையெழுத்துப் போடும்போது தானாகப் படித்துவிடுவாரே என்று. இது அசிங்கமான யோசனை என்று தெரியும். அசிங்கமான யோசனைகள் நன்றாகத் தூங்கி எழுந்த காலையில்தான் வருகின்றன. நர்சிங் பெண் மூடியைப் போட்டுப் பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டாள், அவளுக்கு முடிந்துவிட்டது.

வாங்கும்போது கடன் என்றே யாரும் சொல்லவில்லை. லோன் கிடைச்சிருச்சு என்றுதான் சொன்னார்கள், பரிசு கிடைத்த மாதிரி. நாலு லட்சத்துக்குக் கீழே என்றால் அடமானம் வேண்டாம், அப்பா கையெழுத்துப் போதும் என்றார் அப்போதிருந்த மேனேஜர். அப்பா மில் யூனிபார்மிலேயே வந்து, சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்க, பத்து இடத்தில் கையெழுத்துப் போட்டார். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அந்த வருடம் எங்கள் தெருவில் மட்டும் மூன்று மெக்கானிக்கல். படிப்பை முடித்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சேர்ந்தேன், ஒரு அறையில் ஒன்பது பேர், ஷிப்ட் முறையில் பாய், நான் எழுந்த பாயில் சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தன் படுப்பான். ஓவர்டைம் கொடுத்தால் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. இரண்டரை வருடத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் சேர்த்தேன். இதை நான் எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை. அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன், கடனில் பாதியைக் கட்டிவிட்டு மீதியை மாதாமாதம் கட்டுகிறேன் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. திங்கட்கிழமை வங்கிக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா, பொறு என்றார்.

தேர்தல் நேரம். எந்தத் தெருவில் எந்த ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு போனாலும் கல்விக்கடன் தள்ளுபடி, கல்விக்கடன் தள்ளுபடி என்று கத்திக்கொண்டு போயிற்று, அப்பா காதுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்பா மைக்கை நம்பவில்லை, பரமானந்தம் அண்ணாச்சியை நினைத்துப் பயந்தார். பரமானந்தம் எங்கள் அடுத்த தெரு, சொசைட்டியில் பெண்டாட்டி நகையை அடகு வைத்திருந்தார். அரைவயிறு கஞ்சி குடித்து, தவணை தேதிக்கு முன்னாலேயே கட்டி நகையைத் திருப்பினார். திருப்பிய ஏழாவது நாள் நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தது. வட்டிகூடக் கட்டாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் நகை சும்மா வந்தது. அன்றிலிருந்து அவர் பெயர் நேர்மை பரமானந்தம். டீக்கடையில் சில்லறை சரியாக எண்ணிக் கொடுத்தால்கூட, என்ன பரமானந்தம் மாதிரி பண்றே என்பார்கள். அவர் பெண்டாட்டி அந்த நகையைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டாள், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று. எங்கள் ஊரில் கடன் கட்டாமல் ஏமாற்றியவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், அவசரப்பட்டுக் கட்டியவனை விட மாட்டார்கள். "இன்னொரு பரமானந்தம் ஆகாதடா. தேர்தல் முடியட்டும், பொறு. ஆறு மாசத்துல என்ன குடி முழுகிப்போகுது?" என்று அப்பா சொன்னார், அவர் குரலுக்கு அது ரகசியம், தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் பொறுத்தேன். தேர்தல் முடிந்தது. தள்ளுபடி வரவில்லை. அடுத்த பட்ஜெட்டில் வரும் என்றார்கள், அப்புறம் அடுத்த தேர்தலில் என்றார்கள்.

ஆறு மாதத்தில் பணம் கையில் இல்லை. அக்கா தனத்தின் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தார்கள், தாய்மாமன் நான், மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும், சீர் கொண்டுபோக வேண்டும், சும்மா போனால் அக்கா அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அரைப் பவுன் மோதிரம், தோடு, பித்தளைப் பானை, ஒரு மேளம், இருபது தாம்பாளம், வேன் வாடகை, எல்லாம் சேர்த்து அறுபத்தைந்தாயிரம். அப்பாதான் முன்னால் நின்றார். அதையும் சேர்த்துத்தான் அந்த வாக்கியம் மனசுக்குள் ஓடும், நீங்கதானே பொறுன்னு சொன்னீங்க, நீங்கதானே சீருக்கு எடுக்கச் சொன்னீங்க, போச்சு ஒரு லட்சத்து இருபதாயிரம், போச்சு. இங்கே வந்ததும் மனசு எப்போதும் வேகமாக அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். போச்சு என்று சொல்லிவிட்டு வட்டிக்குப் போய்விடும். அக்கா மகனுக்கு இப்போது பதினொரு வயது, அந்தத் தோட்டை அவன் போடுவதில்லை.

வட்டியைப் பற்றி நான் படித்த படிப்பில் சொல்லித் தரவில்லை, வட்டிதான் எனக்குச் சொல்லித் தந்தது. முதலில் கடிதம் வரும். அப்புறம் போன் வரும், முதலில் மரியாதையாக, சார் என்று. அப்புறம் சார் போய்விடும். ஒருத்தன் அம்மாவிடம் பேசினான், அம்மா அவனிடம், சாப்பிட்டியாப்பா என்று கேட்டிருக்கிறாள், வங்கிக்காரன் என்றால் பெரிய இடம் என்று நினைத்து. அவன் இரண்டு நாள் போன் பண்ணவில்லை. மூன்றாவது நாள் வேறொருத்தன் பண்ணினான். கணக்கை வாராக்கடன் என்று எழுதினார்கள், சிபில் ஸ்கோர் விழுந்தது, மாரிச்செல்வி மகளிர் குழுவில் தையல் மிஷின் வாங்க ஒரு லோன் கேட்டபோது புருஷன் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரகடத்தில் கம்பெனியை மூடியதும் ஊருக்கே வந்து சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர், பத்தொன்பதாயிரம். ஊரில் எவனுக்குக் காயம் பட்டாலும் எங்களுக்குப் பிழைப்பு. மாரிச்செல்வியும் அங்கேதான் பேக்கிங்கில் நிற்கிறாள். நேற்று அவள் செயினை அடகு வைத்துத் தொண்ணூறாயிரம் வாங்கினோம், கழற்றிக் கொடுக்கும்போது கழுத்தை ஒரு தடவை தடவிக்கொண்டாள். "இன்னைக்கோட ஒழிஞ்சா சரி" என்றாள். எனக்கும் அதேதான். வெற்றி தோல்வியெல்லாம் வேண்டாம், ஒழிந்தால் போதும். அசலை மட்டும் கட்டிவிட்டுப் போகிறேன் என்று கேட்கப்போகிறேன். வங்கி மூன்று லட்சத்து அறுபதாயிரம் கேட்கிறது. நடுவில் எங்கேயோ ஓர் எண் இருக்கிறது, அந்த எண்ணில் அப்பாவின் டீ இருக்கிறது.

நாற்பத்தொன்று கூப்பிட்டார்கள். வங்கிக்காரர் ஒருவர் வரிசையாக வந்து பார்த்துக்கொண்டே, ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு செட் வேணும் என்று சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் ஒரு செட்தான். படிவத்தையும் பேனாவையும் அப்பா மடியில் வைத்தேன். "கையெழுத்துப் போட்டு வைங்க! ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துர்றேன்!" என்று கத்தினேன், ஷெட்டே திரும்பிப் பார்த்தது. நீதிபதிகூட நிமிர்ந்தார். வெளியே வந்தால் வெயில், கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை, கடை வாசலில் என் பைக். காலையில் நான் நிறுத்தியதுதான். சிவப்பு நிறம் மங்கி டேங்கில் ஒரு நசுங்கல், சீட்டில் பிளாஸ்டர். பைக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மனசு வேகமாக அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தது, ஜெராக்ஸ், டோக்கன், வட்டி, எங்கேயாவது போகப் பார்த்தது, கடையில் கூட்டமாக இருந்ததால் போக இடமில்லை. ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் அறுபத்தைந்தாயிரம் போனால் மீதி ஐம்பத்தைந்தாயிரம். ஒன்றாம் வகுப்புக் கணக்கு. இந்த பைக் ஐம்பத்தைந்தாயிரம். அப்பா பொறு என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் உண்மை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டரை வருடம் சூடு ஆறாத பாயில் படுத்துச் சேர்த்த காசை ஒரு கவுண்டரில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டாம் என்றதும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அடுத்த மாதமே ஷோரூமுக்குப் போனேன், ரொக்கமாகக் கட்டினேன். கம்பெனியில தவணைக்குக் கொடுத்தாங்க, சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க என்று வீட்டில் சொன்னேன், இதையும் கத்தித்தான் சொன்னேன், பொய்யை ஊர் கேட்கக் கத்தியிருக்கிறேன், உண்மையைக் கத்தத்தான் வெட்கம். எட்டு வருடமாக நான் இதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் அந்த வாக்கியத்தை நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "அண்ணே, எத்தனை காப்பி?" என்றான் கடைக்காரன். ரெண்டு செட் என்றேன்.

உள்ளே போவதற்குள் அறுபதைத் தாண்டியிருந்தது, இடையில் நிறைய பேர் வரவில்லையாம். அப்பா படிவத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். பிரித்துப் பார்க்க நேரமில்லை. எழுதாமல் விட்ட ஒன்பதாவது ஞாபகத்துக்கு வந்தது, போனால் போகட்டும், அங்கே கேட்டால் குடும்பச் சூழ்நிலை என்று சொல்லிவிடலாம். அறுபத்து மூன்று என்றார்கள். போய் உட்கார்ந்தோம். வங்கி அதிகாரி கண்ணாடி போட்ட, நல்ல தூக்கம் இல்லாத முகம். அவரும் என்னைப் போலத்தான், காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சைப் பேசியிருக்கிறார். பேரம் சீக்கிரம் நடந்தது. நான் இரண்டு நாற்பது என்றேன், அவர் மூன்று அறுபது என்றார், நீதிபதி மில் பென்ஷனைப் பற்றிக் கேட்டார், பெரியவர் பென்ஷனை எல்லாம் பிடிக்கணுமா சார் என்றார், அதிகாரி நெளிந்தார். கடைசியில் ரெண்டு எண்பதுக்கு முடிச்சுக்கலாம் என்று அவரே சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவர் அப்பா நீட்டிய படிவத்தை வாங்கிப் பிரித்தார். ஒன்பதாவதில் கண்ணை வைத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "மகன் அன்றைக்கே பணத்தோடு கட்ட வந்தான். நான்தான் பொறு என்று சொன்னேன். இப்படிக்கு குருசாமி."

என் வாக்கியம். கொஞ்சம் மாற்றி, அவர் பக்கத்திலிருந்து எழுதியது, ஆனால் என் வாக்கியம், நான் கண்ணாடியில் முணுமுணுத்தது. புள்ளி வரி இரண்டும் சரியாக நிறைந்திருந்தது, கொக்கி கொக்கியான எழுத்து, பொறு என்பதற்கு மட்டும் அழுத்தம் அதிகம். நீதிபதி என்னைப் பார்த்து, "என்னப்பா, பணம் இருந்தும் கட்டலையா?" என்றார். எட்டு வருடமாகக் காத்திருந்த இடம், கேட்பது ஒரு நீதிபதி, மெதுவாகச் சொன்னாலும் போதும். "இல்லைங்கய்யா. அப்ப எனக்கு வேலை இல்ல. அப்பா வயசானவரு, ஏதோ எழுதிட்டாரு" என்றேன். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொய் சொல்றான்யா!" என்று கத்தினார், கோர்ட் ஷெட் அதிர்ந்தது. "ஒரு லட்சத்து இருபதாயிரம் வெச்சிருந்தான்! தள்ளுபடி வரும்னு நான்தான்யா தடுத்தேன்! என்னைக் கேளுங்க!" அதிகாரி பேனாவை மூடிவிட்டார். "சார், கையில பணத்தை வெச்சுக்கிட்டுத் தள்ளுபடிக்குக் காத்திருந்தவங்களுக்கு எங்க ஹெட் ஆபீஸ் இவ்வளவு சலுகை தராது சார். இதை நான் மேல அனுப்பவே முடியாது" என்றார். நீதிபதி வாயைக் கையால் மூடிக்கொண்டார், சிரிக்கிறாரா யோசிக்கிறாரா என்று தெரியவில்லை. அப்புறம், "உண்மையைச் சொன்னதுக்கு அபராதமா? சரி, மூணு பத்து. இன்னைக்குத் தொண்ணூறு, மீதி பத்து மாசம். பென்ஷனைத் திங்கட்கிழமை விட்டுடணும். வேற படிவம் குடுங்க" என்றார். அப்பா எழுதிய இரண்டு வரிக்கு முப்பதாயிரம் ரூபாய்.

புதுப் படிவத்தில் முதலிலிருந்து எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், தொகை, சொச்சம். ஒன்பதாவதில் பேனா நிற்கவில்லை, குடும்பச் சூழ்நிலை என்று எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டார். பழையதைக் கிழிக்க அதிகாரி கை நீட்டினார், நான் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். மாதம் இருபத்திரண்டாயிரம் பத்து மாதத்துக்கு. என் சம்பளம் பத்தொன்பது. மாரிச்செல்விக்கு ஒன்பது. பைக்கை விற்றால் ஒரு மாதத் தவணை வரலாம். தொண்ணூறாயிரத்தைக் கட்டி ரசீது வாங்கியபோது மணி ஒன்றரை. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அசதியாக இருந்தது, ஒரு மூலையில் துண்டை விரித்துப் படுத்தால் தேவலை போலிருந்தது. வராந்தாவில் நின்று அப்பா ரசீதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். சுற்றி நாற்பது ஐம்பது பேர், நர்சிங் பெண், முன் வரிசைக்காரர், கறுப்புக் கோட்டுகள். அப்பா தோளைத் தொட்டேன். நிமிர்ந்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தவன், கத்தவில்லை. முதல் தடவையாகச் சத்தம் போடாமல், உதட்டை மட்டும் அசைத்து, மில்லில் நிற்கிறவன் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். மிச்சம் ஐம்பத்தஞ்சாயிரத்துக்கு நான்தான்ப்பா பைக் வாங்கினேன். கம்பெனி தவணை இல்ல. கடன் கட்ட வெச்ச காசு. சொல்லி முடிக்கும்போது உதடு கோணிக்கொண்டு போயிற்று, புரிந்திருக்குமா என்று தெரியவில்லை. அப்பா என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் பதிலுக்குச் சத்தமில்லாமல் சொல்லியிருக்கலாம், முப்பத்தோரு வருடம் பழகியவர்.

"தெரியும்டா!" என்று கத்தினார். "ஷோரூம் ரசீது உன் பேன்ட்ல இருந்துச்சு! உங்கம்மா துவைக்கையில எடுத்துக் குடுத்தா! நான்தான் கேக்காதன்னு சொன்னேன்! ரெண்டரை வருஷம் பாடுபட்ட பய, ஒரு வண்டி வாங்குனா என்னன்னு!"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்சிங் பெண் பார்த்தாள். அப்பா ரசீதை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடையைப் பார்த்து நடந்தார்.